இடது பிரேக்

ஜூலை 6, ஞாயிறு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போர்டிகோவுக்குப் போய், வலது கையால் சைக்கிள் சீட்டைத் தூக்கிப் பிடித்து, காலால் பெடலை உதைத்துப் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். பல்கூட விளக்கவில்லை. சக்கரம் வேகமெடுத்ததும் இடது பிரேக்கைப் பிடித்தேன். நின்றது, ஆனால் அரைச் சுற்று போய்த்தான் நின்றது. மறுபடி செய்தேன். அதே அரைச் சுற்று.

நேற்று விழுந்ததை எழுதிவிடுகிறேன். மருதமலை அடிவாரம் போய்த் திரும்பும்போது இறக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். முன் பிரேக் பிடித்தது, பின் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பின்பக்கம் தூக்கி என்னைச் சாலையோர மண்ணில் இறக்கிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு. மாடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்து, கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. என் கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் எங்கே பழுது என்று தேடுகிற கண் அவருக்கு.

"கதவுல எப்பத்திருந்து மண்ணு ஒட்டிருக்குது?" என்றார், டெட்டால் பஞ்சை எடுத்துக்கொண்டே.

சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"அந்த டப்பாவத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கிரலாம் மணி."

"பிரேக் மட்டுந்தாங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது."

"ஏழு வருசம் ஆச்சு. வாங்கறப்பவே அது டப்பா."

அது உண்மைதான். மகள் தாரணி எட்டாவது படிக்கும்போது பிடிவாதம் பிடித்து வாங்கிய மலைச் சைக்கிள். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. முன்னால் ஷாக், இருபத்தொரு கியர், பார்க்க மட்டும் பெரிய வண்டி. அவள் மூன்று மாதம் ஓட்டினாள். அதன் பிறகு நான்தான். நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கும் அதுதான், காலை நேரத்து மருதமலைக்கும் அதுதான். அவள் திருச்சி விடுதிக்குப் போனபோது எழுதாமல் விட்டுப்போனதுதான் இந்த ரெக்கார்டு நோட்டும். ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை.

ஜூலை 8, செவ்வாய்

கல்லூரி முடிந்து சபியுல்லா பாய் கடைக்குப் போனேன். பிரேக் கேபிளை உருவிக் காட்டினார். துரு.

"ஏனுங் மேடம், மழைல நனைச்சா இப்படித்தான். உள்ள ஒயரு, வெளி டியூபு ரெண்டும் மாத்திர்றேன். வெண்ணெயாட்டம் ஆயிரும்."

"புதுசா வாங்கறதா, இதையே தேத்தறதான்னு வீட்ல ஒரே பேச்சுங்க பாய்."

"தேத்தலாங்க. எதுவரைக்கும்ங்கறதுதான் கணக்கு. பிரேக் மாத்துவீங்க, அப்பறம் கியரு, அப்பறம் ஷாக்கு. கடைசில பாத்தா பழைய ஃபிரேம் மட்டுந்தான் உங்க வண்டியா இருக்கும், மத்ததெல்லாம் என் கடை."

சிரித்தேன். துரு பிடித்த கேபிளை ஏனோ கேட்டு வாங்கி வந்தேன். கைப்பையில் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

புது கேபிள் போட்டும் அப்படியேதான்.

ஜூலை 13, ஞாயிறு

சாரல். மலை முழுக்க மேகத்துக்குள். அடிவாரத்தில் டீக்கடைக்காரர் தவிர ஆளில்லை.

ஏற்றத்தில் இடது பக்கக் கியரைக் கட்டைவிரலால் தள்ள முடியவில்லை. வலது கையைக் குறுக்கே நீட்டித் தள்ளினேன். தூசி அடைத்திருக்கும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவச் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். ஈரச் சாலை.

ஜூலை 16, புதன்

வீட்டு வேலைகள் குவிந்துவிட்டன. ரேஷன் கார்டில் கைபேசி எண் மாற்ற வேண்டும். மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்க வேண்டும். துணி கிளிப்புகளும் புதிதாக வேண்டும். பழையவற்றின் ஸ்பிரிங் வெயிலில் இறுகிப்போய்விட்டது, அமுக்கினால் வாய் திறப்பதில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலின் மூடி மட்டும் இரண்டு வாரமாகத் தொட்டாலே திறந்துகொள்கிறது. இவர் சரியாக இறுக்கி மூடுவதில்லை. பூஞ்சை பிடித்துவிடும். சொல்ல வேண்டும்.

ஜூலை 19, சனி

பிரேக் பிடியையே மாற்றிவிட்டார் பாய். கியரையும் கழுவினார். கடை முன்னால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, என் முன்னால் ஒற்றை விரலால் இடது பிரேக்கை இழுத்துக் காட்டினார். சக்கரம் அப்படியே நின்றது.

"ஒத்த விரலுங்க மேடம். இதுக்கு மேல என்ன பண்றது?"

நான் பிடித்துப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்குதுங்க பாய்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

"வண்டில ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றார். குரலைக் கொஞ்சம் தணித்துத்தான் சொன்னார்.

கடைக்குள் கொக்கியில் ஒரு சைக்கிள் தொங்கியது. அதில் வலது பக்கம் மட்டும்தான் பிரேக் பிடி. அந்த ஒரே பிடியிலிருந்து இரண்டு கேபிள்கள் கிளம்பி, ஒன்று முன் சக்கரத்துக்கும் ஒன்று பின் சக்கரத்துக்கும் போயின. இடது பக்கம் வெறும் ரப்பர் பிடி.

"அது நம்ம கதிர்வேல் வண்டிங்க. தகடு வெட்டற பவர் பிரஸ்ல வேலை. இடது கைல நாலு விரலையும் விட்டுட்டாப்ல. ரெண்டு மாசம் வீட்டோட இருந்தாப்ல, அப்பறம் இத மாட்டிக் குடுத்தேன். இப்ப கணுவாய் வரைக்கும் போறாப்ல. ரொம்பப் பேசறாப்ல, அது ஒண்ணுதான் தொந்தரவு."

மழை வருவது போலிருந்தது. சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

இருபது வருடமாக இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பொருள் வெளியே எடுத்துச் செல்லும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்து கிலோ சுருள்வில் தராசு ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். காரணம் என்ற இடத்தில் 'சோதனை' என்று எழுதினேன்.

தராசின் கொக்கியைப் பிரேக் பிடியின் நுனியில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சக்கரம் நிற்கும்வரை இழுக்க வேண்டும். நிற்கும்போது முள் எங்கே இருக்கிறதோ அதுதான் அளவு. ஒவ்வொரு பக்கமும் ஐந்து முறை, சராசரி எடுத்தேன்.

வலது பிரேக்: 3.1 கிலோ.
இடது பிரேக்: 2.5 கிலோ.

இடதுதான் லேசு. புது கேபிள், புதுப் பிடி. லேசாகத்தான் இருக்கும்.

தராசில் பிழை இருக்கலாம்.

ஜூலை 23, புதன்

எடைக்கற்களை மாட்டிச் சரிபார்த்தேன். தராசில் பிழை இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

மழை. சைக்கிளை எடுக்கவில்லை. இவர் மார்க்கெட் போயிருந்த நேரத்தில் தராசை ஜன்னல் கம்பியில் கட்டி, கொக்கியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். ஒரு ஒப்பீட்டுக்காக.

வலது கை: 7.8
இடது கை: 3.0

எனக்கு எப்போதுமே வலது கைப் பழக்கம். எல்லாருக்கும் இடது கை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

மதியம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, கோஸ் பொரியல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி நோம்பிக்குச் சூலூரில் அண்ணி வீட்டுக்குப் போனோம். என் கூடப்பிறந்த தண்டபாணி அண்ணன் போய் நான்கு வருடம் ஆகிறது. அண்ணி வருடம் தவறாமல் எங்களைக் கூப்பிட்டு ஐந்து வகைச் சாதம் கிளறிப் போடுகிறார். அண்ணன் இருந்தபோது மூன்று வகைதான்.

போர்டிகோவில் அண்ணனின் ஸ்கூட்டர் உறை போட்டபடி நிற்கிறது. டயர் இரண்டும் காற்றிறங்கி நசுங்கிவிட்டன. இவர் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் புதுசாட்டவே இருக்குதுங்கக்கா, வித்துருங்க" என்றார்.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றார் அண்ணி. இவர் உள்ளே போன பிறகு என்னிடம் மட்டும், "எப்பிடி விக்கறது மணி? நாந்தான வாங்கச் சொன்னது" என்றார்.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. அண்ணனுக்கு முதலில் பைக் கிளட்ச்தான் இறுகியது. அப்படித்தான் அவர் சொன்னார். மூன்று முறை கேபிள் மாற்றினார். மெக்கானிக்கைத் திருடன் என்று திட்டிவிட்டு வேறு மெக்கானிக்கிடம் போனார். நாங்கள் எல்லாரும் கேலி செய்தோம். "உங்களுக்கு வயசாச்சுங்கண்ணா, கிளட்ச் என்ன பண்ணும்?" என்று நானே சொன்னேன். கடைசியில் அண்ணி, "கியரு கிளட்ச் ஒண்ணுமில்லாத வண்டியா வாங்கிக்குங்க, தொல்லை விட்டுது" என்றார். அந்த ஸ்கூட்டர் வந்தது. அண்ணன் எட்டு மாதம் சந்தோஷமாக ஓட்டினார். பார்க்கிறவர்களிடமெல்லாம் வண்டியைப் புகழ்ந்தார். பிறகு சட்டைப் பட்டன் போட முடியவில்லை. பிறகு டம்ளர். பிறகு மூன்று வருடம், ஒவ்வொன்றாக.

தசையை இயக்கும் நரம்புகள் வரிசையாக அணைந்துபோகிற நோய் என்றார் டாக்டர். மருந்து தடுக்காது, கொஞ்சம் தள்ளிப்போடும். முதலிலேயே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார். அப்போது அண்ணி முகத்தை நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, இது பரம்பரையாக வருமா என்று கேட்டேன். "பெரும்பாலும் வராது" என்றார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சாப்பிடும்போது அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து, வளையலைப் பார்ப்பது போல என் இடது கையை எடுத்துத் திருப்பினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அவருடைய பெருவிரல் நின்றுவிட்டது. எனக்கு அந்த இடம் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். எப்போதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

"எளச்சுட்டயா மணி?"

"காலேஜ்ல வேலை அதிகங்கண்ணி."

"ம்."

என் கையை, குழந்தையை மடியில் வைப்பது போல மெதுவாக இலையருகில் வைத்தார். இன்னொரு கரண்டி தேங்காய்ச் சாதம் போட்டார். வேண்டாம் என்று சொல்வதற்குள் இன்னும் ஒரு கரண்டி. கிளம்பும்போது எப்போதும் தெருமுனை வரை வருகிறவர், இன்று அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளேயே நின்றுகொண்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். வலது கையில் அந்தப் பள்ளம் இல்லை.

தராசில் இடது கை: 2.9.

ஆகஸ்ட் 9, சனி

இவர் மறுபடியும் ஆரம்பித்தார்.

"பாய்கிட்ட ஆயிலு பிரேக் போட்டுத் தரச் சொல்லலாம்னு பாத்தேன். கேபிளே கிடையாது, தொட்டா நிக்கும். ஆனா அந்த ஃபிரேமுக்கு அதப் போடறது, தகரக் கொட்டாய்க்கு தேக்குக் கதவு மாட்டற மாதிரின்னு அவரே சொல்றாரு."

"நீங்க எப்ப பாயப் பாத்தீங்க?"

"அந்தப் பக்கம் ஒரு மோட்டார் இறக்கப் போனேன். சும்மா பேசிட்டிருந்தோம்."

"என்ன பேசினீங்க?"

"சைக்கிளப் பத்தித்தான். வேற என்ன பேசறது பாய்கிட்ட?"

பேப்பரை விரித்துக்கொண்டார். அவர் விரித்தது நேற்றைய பேப்பர்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முதலாண்டு செய்முறை வகுப்பு. திருகு அளவி சொல்லிக்கொடுத்தேன். இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையால் திருக வேண்டும். என் கையிலிருந்து நழுவி மேசைமேல் விழுந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தோளில் ஒரு இடம் மாலையில் துடித்துக்கொண்டே இருக்கிறது, கண் துடிப்பது போல. தூக்கம் போதவில்லை.

2.8.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சைக்கிள் கடைக்குப் போனோம். பெரிய கண்ணாடிக் கடை. முப்பது வயதுப் பெண் ஒருத்தி, கடையின் டீஷர்ட் போட்டவள், ஒவ்வொன்றாகக் காட்டினாள். இவர் நேராக உள்ளே போய்ச் சாம்பல் நிற வண்டி ஒன்றின் பக்கத்தில் நின்றார். எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் மாதிரி.

"ஓட்டிப் பாரு மணி."

கடைக்குப் பின்னால் சரிவாக ஒரு சிமெண்டுத் தளம். ஏறி மிதித்தேன். அலுமினிய ஃபிரேம், நம் வண்டியில் பாதி கனம்கூட இருக்காது. முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம் என்பதால் இடது பக்கம் கியரே கிடையாது. சரிவில் விட்டுவிட்டு, இடது பிரேக்கை நடுவிரலால் மட்டும் தொட்டேன்.

நின்றது.

இன்னொரு முறை மேலே ஏறி வந்து செய்தேன். நின்றது. ஆறு முறையோ ஏழு முறையோ செய்தேன். சரிவின் அடியில் நின்றபடி, ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்வது போல முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒன்றரை மாதத்தில் என் கை சொன்னதை ஒரு பொருள் கேட்டது இதுதான் முதல் தடவை. ஒரு நிமிடம் எனக்கு ஒன்றுமே இல்லை என்று முழுமனதாக நம்பினேன். பழுது எல்லாம் அந்த டப்பாவில்தான்.

உள்ளே வந்தபோது இவர் தள்ளி நின்று ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சிரித்தபடி சொன்னாள்:

"சார் போன வாரமே வந்து எல்லாத்தையும் புடிச்சுப் பாத்துட்டுப் போனாருங்க மேடம். கைக்கு எது ரொம்ப லேசா இருக்கும், அதுலயும் இடது கைக்குன்னு கேட்டாரு. உங்களுக்கு இடது கைப் பழக்கமுங்களா?"

"ஆமா" என்றேன்.

இவர் ஒரு சிவப்பு ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். அது அவருக்குப் பொருந்தவே இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சதுர்த்தி அன்றைக்கு நல்ல நாள், பழையதைக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் புதியதை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று முன்பணம் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இரவுச் சாப்பாடு முடிந்து இவர் ஊறுகாய் பாட்டிலை இறுக்கி மூடி வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் பென்சிலால் மூடியிலிருந்து கண்ணாடி வரை ஒரு நேர்கோடு போட்டேன். மெல்லிய கோடு.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் மூடியிலிருந்த கோடு, கண்ணாடியிலிருந்த கோட்டுக்கு இரண்டு விரல்கடை தள்ளி நின்றது. எண்ணெய் பாட்டிலும் அப்படித்தான். காபித்தூள் டப்பாவும். என் தண்ணீர் பாட்டிலும்.

பூஞ்சையைப் பற்றி இனி அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தாரணி அழைத்தாள். "அம்மா, என் சைக்கிளக் குடுக்கப் போறீங்களாமா? அப்பா சொன்னாரு. அதுல கீழ் பைப்புல என் பேரு சொரண்டி வெச்சிருக்கேன், பாத்துக்குங்க."

"உன் சைக்கிளா அது? மூணு மாசம் ஓட்டினதுக்கா?"

"முதல்ல விழுந்தது நாந்தான? அப்ப எனக்குத்தான் உரிமை."

படிப்பு, விடுதிச் சாப்பாடு, தோழியின் அக்கா கல்யாணம் எல்லாம் பேசினாள். வைக்கும் முன் கேட்டேன்: "பரீட்சைக்கு எழுதி எழுதிக் கை வலிக்குதா கண்ணு?"

"இப்ப எங்கம்மா எழுதறாங்க, எல்லாம் டைப்பிங்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மருதமலைக்குப் பழைய வண்டியில் கடைசி முறை என்று கிளம்பினேன். அடிவாரம் போகவில்லை. பாதியில் கல்மேல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். நல்ல வெயில். போகிறவர்கள் எல்லாரும் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

2.6.

இந்த நோட்டின் வெள்ளைப் பக்கத்தில் வரைபடம் போட்டேன். கிடை அச்சில் தேதி, செங்குத்து அச்சில் கிலோ. இடது கைக்கு நான்கு புள்ளிகள். பிரேக்குக்கு 2.5 என்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு. புள்ளிகளைச் சேர்த்து ஸ்கேலை வைத்து நீட்டினால், அந்தக் கோட்டைச் செப்டம்பர் முதல் வாரத்தில் வெட்டுகிறது. புது வண்டியின் பிரேக்குக்கு எவ்வளவு வேண்டும் என்று அளக்கவில்லை. அரைக் கிலோகூட இருக்காது. அந்தக் கோடு எங்கே வெட்டும் என்று பார்க்கத் தாளில் இடம் போதவில்லை.

நான்கு புள்ளிகளை நம்பிக் கோட்டை நீட்டக் கூடாது என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறவள் நான். நீட்டிய பகுதியை மட்டும் அழித்தேன். பென்சில் தடம் போகவில்லை.

கழுத்தெலும்புத் தேய்மானத்தில்கூடக் கை இப்படி ஆகும் என்று ஆய்வகத்தில் யாரோ சொன்னார்கள். இருக்கலாம். இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே அண்ணனைப் போல எட்டு மாதம் ஓட்டலாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சைக்கிளைக் கழுவினேன். கீழ்க் குழாயில் தாரணியின் பெயர் இருக்கிறது. 'தா' மட்டும் பெரியது, மற்ற எழுத்துகளுக்கு இடம் போதாமல் நெருக்கி எழுதியிருக்கிறாள்.

பச்சரிசி ஊறவைத்தேன். தேங்காய் துருவ வேண்டியிருந்தது. பையைப் பார்த்தால் இவர் துருவியே வாங்கி வந்திருக்கிறார். "கடைல அப்படித்தான் குடுத்தாங்க" என்றார்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. காலை ஆறு மணிக்குக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தேன். சொப்பு செய்து, பூரணம் வைத்து, ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளி மூட வேண்டும். முதலில் செய்த நான்கும் இட்லிப் பாத்திரத்தில் வாய் பிளந்து, வெல்லம் தண்ணீரில் கரைந்துவிட்டது. கிள்ளின இடம் ஒட்டவில்லை.

இவர் வந்து எட்டிப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சொப்பு செய்து பூரணம் வைத்துக் கொடுக்க, அவர் வாயை மூடினார். தாமிரக் கம்பி சுற்றிய விரல்கள்; ஓரத்தை மடித்து மடித்து முறுக்கிவிட்டார். கொழுக்கட்டை மோட்டார் காயில் மாதிரி இருந்தது.

"புள்ளையார் கேக்கப்போறாரு, இது எத்தன எச்பி மோட்டாருன்னு" என்றேன்.

சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த சொப்புக்குக் கையை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்தொன்று செய்தோம். கடைசி வரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணி அன்றைக்குத் தெருமுனை வரை வராமல் உள்ளேயே நின்றுகொண்டது போலவே.

அப்போதுதான் தோன்றியது. அந்தச் சாம்பல் நிற வண்டி வந்தால் நாங்கள் இருவருமே நன்றாக இருப்போம். தொட்டால் நிற்கும். நான் விழ மாட்டேன், அவரும் கேட்க மாட்டார். மூடிகள் எல்லாம் காலையில் லேசாக இருக்கும். அடுத்த ஆடிக்கும் அண்ணி வீட்டுக்குப் போவோம். அப்புறம் ஒரு நாள் அது நம் போர்டிகோவில் உறை போட்டு நிற்கும். யாராவது வந்து உறையைத் தூக்கிப் பார்த்து, புதுசாட்டவே இருக்குது, வித்துருங்க என்பார்கள். அதற்கு இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அண்ணி சொன்ன அதே சொற்கள்தான்.

எனக்கு வந்திருப்பது எதுவாக இருந்தாலும், அந்த வாக்கியம் இவர் வாயிலிருந்து வரக் கூடாது.

பூஜை முடிந்தது. அடுப்புச் சூட்டில் வேர்த்துவிட்டதென்று இவர் மறுபடியும் குளிக்கப் போயிருக்கிறார். பத்து மணிக்குக் கடைக்குக் கிளம்ப வேண்டும். சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் வைத்திருக்கிறார். பழைய சைக்கிளுக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார், அனுப்பி வைக்கிற மாதிரி.

இன்று அளக்கவில்லை. தராசைத் துடைத்துக் கைப்பையில் வைத்துவிட்டேன், நாளை ஆய்வகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பையின் அடியில் அந்தத் துருப்பிடித்த கேபிள் இன்னும் கிடந்தது. அதைக் குப்பையில் போட்டேன்.

புது வண்டி வேண்டாம். சபியுல்லா பாய் இன்றும் கடை திறந்திருப்பார். கதிர்வேல் வண்டியில் போட்ட மாதிரி இரண்டு பிரேக்கையும் வலது கைக்கு மாற்றித் தரச் சொல்லப்போகிறேன். அண்ணியைக் கூப்பிட்டு அந்த டாக்டரின் எண்ணைக் கேட்கப்போகிறேன். எதற்கு என்று அவர் கேட்க மாட்டார். அதற்கெல்லாம் முன்னால், இவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து கிளம்பலாமா என்று கேட்கும்போது, ஊறுகாய் பாட்டிலை இறுக்கி மூடி, இடது கையால் அவர் முன்னாலேயே திறக்கப் பார்ப்பேன்.